பிணையப் பாதுகாப்புச் சோதனைக் கருவிகளில் நிரற்கூறுகளின் பராமரிப்பு: ‘இல்லை’ என்னும் விடையின் நம்பகம்

ஆய்வுச் சுருக்கம்

கணினிப் பிணையங்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் திறமூலக் கருவிகள் சிறுசிறு நிரற்கூறுகளின் தொகுப்பாக இயங்குகின்றன. ஒவ்வொரு கூறும் ஒரு குறிப்பிட்ட குறைபாடு ஒரு கணினியில் உள்ளதா என வினவி விடை தருகிறது. காலப்போக்கில் இக்கூறுகள் பழுதுறும்போது, பெரும்பாலும் அவை பிழை காட்டி நிற்பதில்லை. ‘குறைபாடு இல்லை’ என்ற தோற்றத்தையே தருகின்றன. ஆகவே ஒரு கூறைச் செப்பனிடுதல் என்பது அதை மீண்டும் ஓடச் செய்வதோடு முடிவதில்லை. ‘இல்லை’ என்பதையும் ‘அறிய இயலவில்லை’ என்பதையும் அது பிரித்துச் சொல்லுமாறு செய்வதே அப்பணியின் மையம். இக்கருத்தை என்மேப், மெட்டாஸ்ப்ளாய்ட், ஓப்பன்வாஸ் ஆகிய கருவிகளின் நடைமுறைகளைக் கொண்டும், 2017ஆம் ஆண்டின் வான்னாக்ரை தாக்குதலைச் சான்றாகக் கொண்டும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: திறமூல மென்பொருள், பிணையப் பாதுகாப்பு, நிரற்கூறு, பராமரிப்பு, ஓப்பன்வாஸ், மெட்டாஸ்ப்ளாய்ட், என்மேப், வான்னாக்ரை

முன்னுரை

2017ஆம் ஆண்டு மே 12 அன்று வான்னாக்ரை என்னும் பணயத் தீநிரல் உலகின் பல நாடுகளில் கணினிக் கோப்புகளைப் பூட்டியது. மே 15, திங்கட்கிழமை அலுவலகங்கள் திறந்தபோது, கேரளத்தின் வயநாடு மாவட்டத்தில் தரியோடு ஊராட்சி அலுவலகத்திலும், பத்தனம்திட்டா மாவட்டத்தில் அருவாப்புலம் ஊராட்சி அலுவலகத்திலும் பணம் கேட்கும் அறிவிப்பு கணினித் திரைகளில் தோன்றியது. இத்தீநிரல் பயன்படுத்திய குறைபாட்டிற்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச் 14 அன்றே எம்.எஸ்.17-010 என்ற எண்ணிட்டு வெளியிட்டிருந்தது. இரண்டு மாத இடைவெளி இருந்தும் திருத்தம் எல்லாக் கணினிகளையும் சென்றடையவில்லை.

இந்நிகழ்ச்சி ஓர் உண்மையைத் தெளிவாக்குகிறது. பிணையப் பாதுகாப்பு என்பது வங்கிகளுக்கும் பெருநிறுவனங்களுக்கும் மட்டும் உரிய சிக்கல் அன்று. நான்கைந்து கணினிகளைக் கொண்ட ஊராட்சி அலுவலகத்திற்கும் உரியது. தேனி மாவட்டத்திற்கு மேற்கே, மலைத்தொடருக்கு அப்பால் இடுக்கியும், அதற்குத் தெற்கே பத்தனம்திட்டாவும் அமைந்துள்ளன. மலைக்கு இப்பால், கம்பம் பள்ளத்தாக்கில் கோம்பைக்கும் தேவாரத்திற்கும் இடையே உள்ள பண்ணைப்புரம் ஒரு பேரூராட்சி. தேனி மாவட்டத்தில் இத்தகைய பேரூராட்சிகள் 22 உள்ளன. இந்த அளவிலான ஓர் அலுவலகத்தில் தன் பிணையத்தைத் தானே சோதித்துக்கொள்ள விலையுயர்ந்த வணிகக் கருவிகளை வாங்குதல் அரிது. திறமூலக் கருவிகளே அதற்கு எட்டும் வழி. அக்கருவிகள் தரும் விடையை எவ்வளவு நம்பலாம் என்பது, அவற்றின் உட்கூறுகள் எவ்வாறு பேணப்படுகின்றன என்பதைப் பொறுத்தது. இக்கட்டுரை அதனை ஆராய்கிறது.

1. கருவியும் கூறும்

பிணையச் சோதனைக் கருவி ஒன்றை இரு பகுதிகளாகப் பகுத்துக் காணலாம். முதலாவது மையப்பொறி. பிணையத்தில் தொடர்பு ஏற்படுத்துதல், தரவுப் பொட்டலங்களை அனுப்புதல், பெறுதல், விடைகளைத் தொகுத்தல் ஆகியன அதன் பணிகள். இரண்டாவது, மாட்யூல் என்றும் ஸ்கிரிப்ட் என்றும் வழங்கும் நிரற்கூறுகள். எந்தக் குறைபாட்டை, எவ்வாறு வினவ வேண்டும், வந்த விடையை எவ்வாறு பொருள்கொள்ள வேண்டும் என்னும் அறிவு இக்கூறுகளிலேயே உறைகிறது.

இத்துறையில் மூன்று கருவிகள் குறிப்பிடத்தக்கன. என்மேப் 1997ஆம் ஆண்டு செப்டம்பரில் கோர்டன் லயன் என்பவரால் வெளியிடப்பட்டது. லுவா மொழியில் எழுதப்படும் ஸ்கிரிப்டுகளை இயக்கும் வசதி பின்னர் இதில் சேர்க்கப்பட்டது. மெட்டாஸ்ப்ளாய்ட் 2003இல் எச்.டி. மூர் என்பவரால் பெர்ல் மொழியில் தொடங்கப்பட்டு, பின்னர் ரூபி மொழியில் மாற்றி எழுதப்பட்டது. 2009இல் ரேபிட்7 நிறுவனத்தின் பொறுப்பில் வந்த பின்னரும் அதன் மூலநிரல் திறந்தே உள்ளது. மூன்றாவதான ஓப்பன்வாஸின் பிறப்பே பராமரிப்பைப் பற்றிய ஒரு பாடம். 1998இல் ரெனோ தெரெசோன் தொடங்கிய நெஸ்ஸஸ் என்னும் கருவியின் மூன்றாம் பதிப்பு இனித் திறமூலமாக வெளிவராது என 2005இல் அறிவிக்கப்பட்டது. அதுவரை திறந்திருந்த மூலநிரலைக் கிளையாகப் பிரித்துத் தொடர்ந்தவர்களின் முயற்சியே ஓப்பன்வாஸ் ஆயிற்று. ஜெர்மனியின் கிரீன்போன் நிறுவனம் இதனை முன்னின்று வளர்த்து வருகிறது.

கிளை பிரித்தவர்களுக்கு மையப்பொறி கையில் இருந்தது. ஆனால் நாள்தோறும் அறிவிக்கப்படும் புதிய குறைபாடுகளுக்குப் புதிய கூறுகளை எழுதவும், பழையவற்றைத் திருத்தவும் ஆட்கள் வேண்டியிருந்தனர். பொறியை ஒருமுறை எழுதிவிடலாம். கூறுகளை இடைவிடாது எழுதிக்கொண்டும் திருத்திக்கொண்டும் இருக்க வேண்டும். அந்தத் தொடக்க ஆண்டுகளில் இப்பணியில் பங்கேற்றவற்றுள் பெங்களூரைச் சேர்ந்த செக்பாட் நிறுவனமும் ஒன்று. அந்நிறுவனத்தின் பெயரை முன்னொட்டாகக் கொண்ட கூறுகளை ஓப்பன்வாஸ் தொகுப்பில் காணலாம்.

2. கூறுகள் பழுதுறும் வழிகள்

ஒரு கூறு எழுதப்பட்ட நாளில் சரியாக இயங்கியிருக்கும். அதன் ஓர் எழுத்தும் மாறாமலேயே அது பின்னர் பழுதாகலாம். அதனைச் சூழ்ந்துள்ளவை மாறுவதே காரணம். அம்மாற்றங்களை நான்காக வகுக்கலாம்.

முதலாவது, நிரல்மொழியின் மாற்றம். பைத்தான் மொழியின் இரண்டாம் தலைமுறைக்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்தது. மூன்றாம் தலைமுறையில் எழுத்துச் சரமும் பைட்டுகளின் தொடரும் வெவ்வேறு தரவு வகைகள். பிணையத்திலிருந்து வரும் விடை பைட்டுகளாக வருகிறது. பழைய கூறு அதனை எழுத்துச் சரத்தோடு ஒப்பிடுகிறது. அந்த ஒப்பீடு பிழை எதுவும் எழுப்பாமல் ‘பொருந்தவில்லை’ என்றே முடிகிறது. கூறு நின்றுவிட்டால் பயனர் அறிவார். ஓடி முடித்து எதிர்மறை விடை தந்தால் ஐயம் எழாது.

இரண்டாவது, சார்புநூலகங்களின் மாற்றம். மறைகுறியாக்கத்திற்குப் பரவலாகப் பயன்படும் ஓப்பன்எஸ்.எஸ்.எல். நூலகம், 2016 ஆகஸ்டில் வெளிவந்த 1.1.0 பதிப்பில், பாதுகாப்பற்றதான எஸ்.எஸ்.எல். இரண்டாம் பதிப்பு நெறிமுறையை முற்றிலும் நீக்கியது. இது நன்மையான மாற்றமே. ஆயினும் சோதனைக் கருவி இந்நூலகத்தைச் சார்ந்திருந்தால், அந்தப் பழைய நெறிமுறையை மட்டுமே பேசும் சாதனத்தோடு அதனால் இனிப் பேச முடியாது. மிகப் பழையதும் மிக வலுவற்றதுமான சாதனமே கருவியின் கண்ணுக்குப் புலப்படாமல் போகிறது. என்மேப்பில் இந்நெறிமுறையைக் கண்டறியும் ஸ்கிரிப்ட் நூலகத்தை நம்பாமல், வேண்டிய பொட்டலங்களைத் தானே கட்டமைத்து அனுப்புவது இச்சிக்கலைத் தவிர்க்கிறது.

மூன்றாவது, சோதிக்கப்படும் மென்பொருளின் மாற்றம். விண்டோஸ் 10 இயங்குதளத்தின் 2017 அக்டோபர் வெளியீட்டிலிருந்து கோப்புப் பகிர்வு நெறிமுறையான எஸ்.எம்.பி.யின் முதற்பதிப்பு இயல்பாக நிறுவப்படுவதில்லை. அந்நெறிமுறையில் மட்டுமே வினவத் தெரிந்த கூறு, புதிய கணினியிடம் விடை பெறாது. விடை பெறாமையை அது எவ்வாறு அறிவிக்கிறது என்பதே வினா.

நான்காவது, குறைபாட்டைப் பற்றிய அறிவின் மாற்றம். விண்டோஸ் 7 கணினிகளுக்கான எம்.எஸ்.17-010 திருத்தம் 2017 மார்ச்சில் 4012212 என்னும் எண்ணில் தனியாகக் கிடைத்தது. பின்னர் வந்த மாதாந்திரத் தொகுப்புகள் அதனை உள்ளடக்கிக்கொண்டன. அந்த ஓர் எண்ணை மட்டும் தேடும் கூறு, பிந்தைய தொகுப்பு நிறுவப்பட்டுப் பாதுகாப்பாக உள்ள கணினியைக் குறைபாடுடையது என அறிவிக்கும். இங்கே பிழை நிரலில் இல்லை. நிரல் கொண்டுள்ள அறிவு முதுமை அடைந்துவிட்டது.

3. மௌனத்தின் இரு பொருள்கள்

மேற்கண்டவற்றுள் நான்காவது எடுத்துக்காட்டு பொய்யான நேர்மறை. இல்லாத குறைபாட்டை உள்ளதாகக் கூறுவது. முதல் மூன்றும் பொய்யான எதிர்மறை. உள்ள குறைபாட்டைக் காணாமல் விடுவது. பராமரிப்பு நோக்கில் இவ்விரண்டும் சமமானவை அல்ல. பொய்யான நேர்மறை பயனரை அலைக்கழிக்கிறது. அவர் திருத்தத்தை நிறுவிய பின்னரும் கருவி குறை கூறினால் முறையீடு செய்கிறார். பராமரிப்பாளர் கூறைத் திருத்துகிறார். பொய்யான எதிர்மறையைப் பற்றி எவரும் முறையிடுவதில்லை. நல்ல செய்தி கிடைத்தவர் அதன்மீது ஐயம் கொள்ளக் காரணம் இல்லை.

இதிலிருந்து ஒரு சாய்வு பிறக்கிறது. முறையீடுகளை மட்டும் பின்பற்றிப் பேணப்படும் தொகுப்பில், கூறுகள் காலந்தோறும் ஒரே திசையில் திருத்தப்படும். ஒவ்வொரு திருத்தமும் ‘குறைபாடு உண்டு’ என்று கூறுவதற்கான நிபந்தனையை இறுக்கும். சில இறுக்கங்கள் உண்மையான குறைபாடுகளையும் சேர்த்தே வடிகட்டிவிடும். தொகுப்பு மேலும் அமைதியாகும். அந்த அமைதி தரமாகவும் கொள்ளப்படும்.

இச்சிக்கல் தமிழாய்வாளர்க்குப் புதிதன்று. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. ஐங்குறுநூற்றில் 129, 130ஆம் பாடல்களும், புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்களும் கிடைக்கவில்லை. பதிப்பாசிரியர்கள் எஞ்சிய பாடல்களைத் தொடர்ந்து எண்ணிட்டுச் செல்லாமல், அவ்வெண்களை அவ்விடத்திலேயே நிறுத்தி, பாடல் கிடைக்கவில்லை எனக் குறித்தனர். சுவடியில் ஏடு இல்லை என்பதும் நூலில் பாடல் இல்லை என்பதும் வேறு வேறு செய்திகள். இவ்வேறுபாடு அழிந்திருப்பின், இன்று நாம் இழந்தது எது என்பதே தெரிந்திராது. சோதனைக் கருவியிடமிருந்து நாம் எதிர்பார்ப்பதும் இதே ஒழுங்கைத்தான்.

இவ்வொழுங்கு மூன்று கருவிகளிலும் வெவ்வேறு வடிவில் அமைந்துள்ளது. மெட்டாஸ்ப்ளாய்டில் ஒரு கூறின் சரிபார்ப்புப் பகுதி ஆறு விடைகளுள் ஒன்றைத் தரலாம்: பாதிப்பற்றது, சேவை மட்டும் கண்டறியப்பட்டது, பாதிப்புடையதாகத் தோன்றுகிறது, பாதிப்பு உறுதி, அறிய இயலவில்லை, இக்கூறில் சரிபார்ப்பு வசதி இல்லை. என்மேப்பில் குறைபாடுகளை அறிவிப்பதற்கான பொது நூலகம் ஒன்று உள்ளது. அது இயல்புநிலையில் குறைபாடு உள்ளவற்றை மட்டுமே அச்சிடும். குறைபாடு அற்றவற்றையும் காட்டுமாறு பயனர் தனியே பணிக்க வேண்டும். எனவே இயல்பாக இயக்கியவருக்கு, திருத்தப்பட்ட கணினியும் தொடர்பு முறிந்த கணினியும் ஒரே வெற்றிடமாகத் தெரியக்கூடும். ஓப்பன்வாஸில் ஒரு கூறு முடியும்போது தரும் வெளியேற்ற எண் இதற்குப் பயன்படுகிறது. சோதித்துப் பார்த்து பாதிப்பில்லை என உறுதியானால் 99 என்ற எண்ணுடன் முடிய வேண்டும். சோதனை பொருந்தாமலோ நடைபெறாமலோ போனால் 0 என்ற எண்ணுடன் முடியும். ஓர் எண் வேறுபாடுதான். ஆனால் ‘பார்த்தேன், இல்லை’ என்பதற்கும் ‘பார்க்கவில்லை’ என்பதற்கும் உள்ள இடைவெளி முழுவதும் அதில் அடங்குகிறது.

4. எம்.எஸ்.17-010 சோதனை: ஒரு சான்று

வான்னாக்ரை பயன்படுத்திய குறைபாட்டைக் கண்டறியும் கூறுகள் மூன்று கருவிகளிலும் உள்ளன. என்மேப், மெட்டாஸ்ப்ளாய்ட் கூறுகள் பின்பற்றும் முறை எளியது. கணினிக்குத் தீங்கு செய்யாதது. எஸ்.எம்.பி. முதற்பதிப்பின் வழியே கணினியோடு பெயரிலிப் பயனராகத் தொடர்பு கொண்டு, பொதுப் பகிர்விடம் ஒன்றில் நுழைந்து, செல்லாத ஒரு கோரிக்கையை அனுப்புகிறது. திருத்தம் நிறுவப்படாத கணினி ‘சேவையகத்தில் வளம் போதவில்லை’ என்னும் பொருளுடைய பிழைக்குறியீட்டைத் திருப்பித் தரும். திருத்தப்பட்ட கணினி ‘அணுகல் மறுக்கப்பட்டது’ என்றோ ‘கைப்பிடி செல்லாது’ என்றோ பொருள்படும் குறியீட்டைத் தரும். இக்குறியீடுகளின் வேறுபாட்டைக் கொண்டே முடிவு எட்டப்படுகிறது.

இங்கே உறுதியான விடைகள் இரண்டு. ஆனால் நடைமுறையில் நேரக்கூடிய நிலைகள் ஐந்து. (1) திருத்தம் இல்லாத கணினி. (2) திருத்தம் உள்ள கணினி. (3) எஸ்.எம்.பி. முதற்பதிப்பு முடக்கப்பட்ட கணினி. தொடக்கத்திலேயே தொடர்பை மறுக்கும். (4) பெயரிலி நுழைவு தடுக்கப்பட்ட கணினி. கோரிக்கையை அனுப்பும் கட்டத்தையே கூறு எட்டாது. (5) இடையில் தீச்சுவர் தடுத்து நிற்கும் கணினி, எவ்விடையும் வராது.

முதல் இரண்டு நிலைகளில் கூறு உறுதியாகப் பேசலாம். மூன்றாவதில், இன்று இவ்வழி மூடப்பட்டுள்ளது என்பது உண்மை. ஆனால் திருத்தம் நிறுவப்பட்டதா என்பது தெரியவில்லை. நாளை எவரேனும் பழைய அச்சுப்பொறி ஒன்றுக்காக முதற்பதிப்பை மீண்டும் இயக்கினால் நிலைமை மாறலாம். நான்கிலும் ஐந்திலும் கூறுக்கு எதுவும் தெரியாது. நான்காம் நிலையில் உள்ள கணினி பெயரிலிக்கு மட்டுமே மூடியது. செல்லுபடியாகும் ஒரு கடவுச்சொல் பெற்ற தாக்குநருக்கு அது திறந்ததாகவே இருக்கலாம். ஐந்தாம் நிலையில் உள்ள கணினி சோதனையாளர் நிற்கும் இடத்திலிருந்து மட்டுமே மூடியது. அதே அறையில் உள்ள அடுத்த கணினிக்குத் திறந்திருக்கக்கூடும். வான்னாக்ரை ஒரு கணினியில் நுழைந்த பின் அதே உட்பிணையத்தின் பிற கணினிகளுக்குத் தானே பரவியது என்பதை நினைவில் கொண்டால் இதன் கனம் விளங்கும்.

இந்த ஐந்து நிலைகளையும் ‘உண்டு’, ‘இல்லை’ என்ற இரு பெட்டிகளில் அடைக்கும் கூறு, இறுதி மூன்றையும் ‘இல்லை’ என்பதில் இட்டுவிடும். அக்கூறு இலக்கணப் பிழையின்றி ஓடலாம்; தானியங்கிச் சோதனைகள் அனைத்திலும் தேறலாம். ஆயினும் அது செப்பனிடப்பட வேண்டிய கூறே.

5. பதிப்பெண்ணைக் கொண்டு முடிவு செய்தல்

பல கூறுகள் குறைபாட்டை நேரடியாக வினவுவதில்லை. சேவையகம் தன்னை அறிமுகப்படுத்தும் வரியில் உள்ள பதிப்பெண்ணைப் படித்து, அது குறைபாடுடைய பதிப்புகளின் பட்டியலில் உள்ளதா என ஒப்பிடுகின்றன. விரைவான முறைதான், ஆனால் லினக்ஸ் வழங்கல்களில் அது தடுமாறும்.

2014 ஏப்ரல் 7 அன்று அறிவிக்கப்பட்ட ஹார்ட்பிளீட் குறைபாடு இதற்குத் தக்க சான்று. ஓப்பன்எஸ்.எஸ்.எல். 1.0.1 வரிசையில் தொடக்கம் முதல் ‘எஃப்’ வரையிலான பதிப்புகள் பாதிப்புடையன. ‘ஜி’ பதிப்பில் குறை நீக்கப்பட்டது. ஆனால் டெபியன் லினக்ஸின் ஏழாம் பதிப்பு, தான் வழங்கி வந்த ‘இ’ பதிப்பை மாற்றாமல், குறைநீக்கும் வரிகளை மட்டும் அதனுள் சேர்த்துப் புதிய பொதியாக வெளியிட்டது. நிலைத்தன்மை கருதி டெபியன் பின்பற்றும் பொதுக்கொள்கை இது. இதன் விளைவாக, திருத்தப்பட்ட கணினியும் திருத்தப்படாத கணினியும் வெளியுலகிற்கு ‘இ’ என்ற ஒரே அடையாளத்தையே காட்டின. பதிப்பெழுத்தை மட்டும் பார்க்கும் கூறால் இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது.

சென்னை சி-டாக் மையத்தில் உருவாகி 2007இல் வெளிவந்த பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. எனவே பாஸ் இயங்கும் கணினிகளைச் சோதிக்கும்போதும் இதே எச்சரிக்கை தேவை.

ஓப்பன்வாஸ் இதனை ‘கண்டறிதலின் தரம்’ என்னும் விழுக்காட்டு அளவால் எதிர்கொள்கிறது. குறைபாட்டை நேரடியாகப் பயன்படுத்திக் காட்டிய கூறுக்கு 100. கணினிக்குள் உரிய கணக்கின் வழி நுழைந்து பொதிப்பட்டியலைப் படித்த கூறுக்கு 97. திருத்தநிலையைக் காட்டும் நம்பத்தக்க அறிமுக வரியைப் படித்த கூறுக்கு 80. டெபியன் போன்ற சூழலில் திருத்தநிலையைக் காட்டாத அறிமுக வரியை மட்டும் படித்த கூறுக்கு 30. கூறு தன் விடையோடு அதன் உறுதிப்பாட்டையும் சேர்த்தே தருவது பாராட்டத்தக்க ஏற்பாடு.

இதிலும் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. 70க்குக் குறைந்த தரமுடைய விடைகளை அறிக்கை இயல்பாகக் காட்டுவதில்லை. வீண் எச்சரிக்கைகள் குறைகின்றன. உண்மையாகவே திருத்தப்படாத டெபியன் கணினியும் அவற்றோடு மறைகிறது. இதற்குத் தீர்வு வடிகட்டியைத் தளர்த்துவதைவிட, கணினிக்கு உள்ளிருந்து பொதிப்பட்டியலைப் படிக்கும் சோதனையை மேற்கொள்வதே. 30 விழுக்காட்டு ஐயம் அப்போது 97 விழுக்காட்டு விடையாகிறது.

6. செப்பனிடும் முறை

மேற்கூறியவற்றிலிருந்து, பழுதான கூறு ஒன்றைச் செப்பனிடுவதற்கான ஒழுங்கை ஐந்து படிகளாக வகுக்கலாம்.

முதற்படி, பழுதை மீண்டும் நிகழ்த்திக் காணுதல். நிரலைத் திருத்தத் தொடங்குமுன், கூறு அனுப்பியதையும் பெற்றதையும் வயர்ஷார்க் போன்ற கருவியால் பொட்டல அளவில் பதிவு செய்ய வேண்டும். கூறின் அறிக்கை ஒரு விளக்கம். பொட்டலப் பதிவே மூலச்சான்று. இரண்டும் முரண்படும் இடத்தில்தான் பழுது உள்ளது.

இரண்டாம் படி, சோதனைக் களம் அமைத்தல். ஒரே கணினியில் மெய்நிகர் இயந்திரங்களாகப் பல நிலைகளை அமைக்கலாம். குறைபாடு உள்ள கணினி மட்டும் போதாது. மேலே எம்.எஸ்.17-010க்குக் காட்டியவாறு, திருத்தப்பட்டது, சேவை முடக்கப்பட்டது, நுழைவு மறுக்கப்பட்டது, தீச்சுவரால் தடுக்கப்பட்டது ஆகிய நிலைகளும் வேண்டும். களம் வெளிப்பிணையத்தோடு இணையாதிருத்தல் இன்றியமையாதது.

மூன்றாம் படி, இயன்ற அளவு சிறிய திருத்தம். பழுதை நீக்குவதும் நிரலை அழகுபடுத்துவதும் ஒரே மாற்றத்தில் கலந்தால், மதிப்பாய்வாளர் எதனால் விடை மாறியது என்பதை அறிய முடியாது.

நான்காம் படி, எல்லா நிலைகளிலும் மீள்சோதனை. பொய்யான நேர்மறையை நீக்க வந்த திருத்தம், உண்மையான நேர்மறையை இழக்கவில்லை என்பதைக் காட்ட வேண்டும். முன்னும் பின்னும் பெற்ற விடைகளை அட்டவணையாகத் தருவது நல்ல வழக்கம். மெட்டாஸ்ப்ளாய்ட் திட்டத்தில் கூறின் வடிவொழுங்கைத் தானியங்கு நிரல்கள் சரிபார்க்கின்றன. அவை உரிய புலங்கள் உள்ளனவா என்பதைக் காணும். ‘இல்லை’ என்னும் விடை உண்மையா என்பதைக் காணா. அது மதிப்பாய்வு செய்யும் மனிதரின் பொறுப்பு.

ஐந்தாம் படி, ஆவணப்படுத்தல். மெட்டாஸ்ப்ளாய்டில் ஒவ்வொரு கூறும் தன்னால் இலக்குக் கணினி செயலிழக்க வாய்ப்புண்டா, மீண்டும் மீண்டும் இயக்கினால் அதே பயன் கிட்டுமா, பதிவேடுகளிலோ வட்டிலோ தடயம் எஞ்சுமா என்பவற்றைக் குறிப்பாகத் தர வேண்டும் என்பது விதி. பழைய கூறுகளில் இக்குறிப்புகள் இல்லாதவிடத்து அவற்றைச் சேர்ப்பதும் பராமரிப்பின் பகுதி. மக்கள் பணியில் உள்ள சேவையகத்தைச் சோதிப்பவருக்கு, அச்சோதனை அதை நிறுத்திவிடுமா என்பது முதன்மையான வினா.

7. எழுதியவரும் பேணுபவரும்

திறமூலத் தொகுப்பில் ஒரு கூறை எழுதியவரே என்றும் அதைப் பேணுவார் எனக் கொள்ள இயலாது. ஓப்பன்வாஸ் தொகுப்பில் செக்பாட் எழுதிய பழைய கூறுகள் இதற்குச் சான்று. பதிப்புரிமை வரியில் முதலில் எழுதியவரின் பெயர் நிலைக்கிறது; திருத்த நாளைக் காட்டும் வரி மட்டும் பிற்காலத்திற்கு நகர்ந்துகொண்டே வருகிறது. மூலத்தைப் படைத்தவரையும், பின் செப்பஞ்செய்தவரின் உழைப்பையும் ஒருங்கே காக்கும் முறை இது.

பேண இயலாத கூறை என்ன செய்வது என்பதும் பராமரிப்பின் வினாவே. அதை நீக்கிவிட்டால், அதைப் பெயர் சொல்லி அழைக்கும் பயனரின் பழைய நிரல்கள் முறியும். வைத்திருந்தால் பொய்யான ‘இல்லை’ தொடரும். இதற்கு நடுவழிகள் உண்டு. ஓப்பன்வாஸில் அத்தகைய கூறுக்கு ‘கைவிடப்பட்டது’ என்னும் குறி இடப்படும். அதன் அடையாள எண் தொகுப்பில் நிலைத்திருக்கும், சோதனை மட்டும் நடைபெறாது. மெட்டாஸ்ப்ளாய்டில் பழைய பெயரால் அழைப்பவரை எச்சரித்துப் புதிய பெயருக்கு அனுப்பும் வசதி உள்ளது. ஓய்வுபெற்ற கூறும் தன் இடத்தில் ஒரு குறிப்பை விட்டுச் செல்கிறது.

8. சிறு அலுவலகமும் உயர்கல்வி நிறுவனமும்

பண்ணைப்புரம் அளவிலான ஓர் ஊரின் அலுவலகத்தை எண்ணிப் பார்க்கலாம். சில கணினிகள், ஓர் அச்சுப்பொறி, இணைய இணைப்பிற்கான ஒரு ரூட்டர் ஆகியன இருக்கும். அங்கே பாதுகாப்பு வல்லுநர் என ஒருவர் இருப்பதில்லை. ஆண்டிற்கு ஒருமுறை எவரேனும் கருவியை இயக்கிக் கையளிக்கும் அறிக்கையே அவர்களுக்குக் கிடைக்கும் முழுச்செய்தி. அதில் ‘குறைபாடு எதுவும் இல்லை’ என்றிருந்தால், அடுத்த ஆண்டுவரை வேறு வினா எழாது. பெருநிறுவனத்தில் ஒரு கருவியின் தவறான விடையை மற்றொரு கருவியோ மற்றொரு வல்லுநரோ பிடித்துவிடக்கூடும். சிற்றூரில் அந்த இரண்டாம் கண் இல்லை. எனவே கூறின் நேர்மை மிகுதியும் வேண்டப்படுவது இங்கேதான்.

இதிலிருந்து அறிக்கை எழுதுவோர்க்கு ஒரு நடைமுறை விதி கிடைக்கிறது. ஒவ்வொரு கணினிக்கும் எதிரே மூன்று பத்திகள் வேண்டும்: குறைபாடு உண்டு, சோதித்ததில் இல்லை, சோதிக்க இயலவில்லை, காரணம் இன்னது. மூன்றாவது பத்தி வெற்றாக இருக்கும் அறிக்கையை ஐயத்தோடு நோக்க வேண்டும். கருவியின் பெயரோடு, கூறுத் தொகுப்பு எந்த நாளில் புதுப்பிக்கப்பட்டது என்பதும் குறிக்கப்பட வேண்டும்.

கல்லூரிகளின் கணினியியல் துறைகளுக்கு இதில் ஆய்வு வாய்ப்பு உள்ளது. மாணவர் ஒருவர் தனியே புதிய கருவி உருவாக்க முயல்வதைவிட, உள்ள கூறு ஒன்றை எடுத்து, ஐந்து நிலைகளில் சோதித்து, அதன் விடைகளை அட்டவணைப்படுத்தி, பழுதிருப்பின் திருத்தம் அனுப்புவது நிறைவேறத்தக்க ஆய்வுத்திட்டம். அதன் முடிவை உலகின் எம்மூலையில் உள்ளவரும் மீண்டும் நிகழ்த்திச் சரிபார்க்கலாம். திருத்தம் ஏற்கப்பட்டால் அக்கருவியின் பயனர் அனைவரையும் அது சென்றடையும்.

இப்பணியில் சட்டவரம்பும் நினைவிற்குரியது. உரிமையாளரின் இசைவின்றிப் பிறர் கணினியை அணுகுதல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவின்கீழ் வரும்; நேர்மையற்றோ மோசடியாகவோ அதனைச் செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து லட்ச ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். கூறைச் செப்பனிட மெய்நிகர்க் களமே போதும். பிறர் பிணையத்தில் இயக்குமுன் எழுத்துமூல இசைவு பெறுதல் வேண்டும்.

முடிவுரை

திறமூலச் சோதனைக் கருவிகளின் மதிப்பு அவற்றில் எத்தனை கூறுகள் உள்ளன என்பதால் அளக்கப்படுவது வழக்கம். எண்ணிக்கை புதிய கூறுகளை எழுதுவோரை ஊக்குவிக்கிறது. பழையவற்றைப் பேணுவோரின் பணி கணக்கில் வருவதில்லை. நிரல்மொழி, சார்புநூலகம், இலக்கு மென்பொருள், குறைபாட்டு அறிவு ஆகிய நான்கும் மாறிக்கொண்டே இருப்பதால், பேணப்படாத கூறு தானே பழுதுறுகிறது. அப்பழுது பெரும்பாலும் நல்ல செய்தியின் வடிவில் வெளிப்படுவதால் முறையீடு எழுவதில்லை. முறையீட்டை மட்டும் நம்பும் பராமரிப்பு அதனைக் காண்பதும் இல்லை.

ஆகவே பராமரிப்பாளர் ஒவ்வொரு கூறிடமும் கேட்க வேண்டிய முதல் வினா, ‘நீ இல்லை என்று சொல்லும்போது என்ன பார்த்தாய்?’ என்பது. அதற்கு விடை சொல்ல முடியாத கூறு செப்பனிடப்பட வேண்டும். இயலாதெனில் குறிப்புடன் ஓய்வு தரப்பட வேண்டும். மெட்டாஸ்ப்ளாய்டின் ஆறு விடைகளும், ஓப்பன்வாஸின் வெளியேற்ற எண்ணும் தர அளவும் அதற்கான இடத்தை முன்பே அமைத்துத் தந்துள்ளன. அவ்விடங்களை உண்மையான விடைகளால் நிரப்பும் பணி எஞ்சியுள்ளது. அதனைத் தமிழகக் கல்லூரிகளின் மாணவர்களும் ஆசிரியர்களும் மேற்கொண்டால், அதன் பயன் தேனியின் பேரூராட்சி அலுவலகங்கள் வரை சென்றடையும்.